பேரம் அக்கா மாடு வாங்கிய வியாழக்கிழமை

கோயமுத்தூர் மாநகரத்தில் பேரம் அக்காவிடம் சொன்ன விலைக்கே ஒரு பொருளை விற்றவர் எவரும் இல்லை. அப்படி யாராவது விற்றிருந்தால், அக்கா அப்போது மயக்க மருந்தில் இருந்திருக்க வேண்டும்.

காந்திபுரத்துப் பின்தெரு ஒன்றில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் நான் சில வருடங்கள் தங்கியிருந்தேன். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே மூன்று மாடி, மொட்டைமாடிக் கொடியில் எப்போதும் யாருடையதோ ஒரு சுடிதார். பேரம் அக்கா அங்கே எல்லோருக்கும் மூத்தவர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வார்டனுக்கும் முன்பே வந்து சேர்ந்தவர் என்பதால், தான்தான் அவருடைய விடுதியில் தங்கியிருப்பதாக வார்டன் நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். கூரியர்காரரே தெருவில் நின்று, "பேரம் அக்காவுக்குப் பார்சல்!" என்றுதான் கத்துவார்.

அவருக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை. காலையிலிருந்து மாலை வரை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, "கொறைக்கறதுக்கில்லீங்க" என்று சொல்வதுதான் உத்தியோகம். சாயங்காலம் வெளியே வந்ததும், பகல் முழுக்கத் தான் மறுத்ததையெல்லாம் ஊரிடமிருந்து வசூலிக்கக் கிளம்பிவிடுவார்.

காய்கறியும் ஆட்டோவும் அவருக்குக் கைப்பழக்கம் மாதிரி. அதையெல்லாம் அவர் பேரத்தில் சேர்ப்பதே இல்லை. கடவாய்ப் பல் இரண்டையும் எடுக்க வேண்டும் என்று பல் டாக்டர் ஒருமுறை சொன்னார். அக்கா வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே கைஜாடையில் வாதாடி, ஒரு பல்லில் முடித்தார். மற்றப் பல் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது. டாக்டர்தான் அதற்குப் பிறகு முன்போல் கலகலப்பாக இல்லை என்று கேள்வி.

ஏழரைச் சனி ஆரம்பித்திருக்கிறது என்ற ஜோசியரிடம், "நெம்ப எச்சா இருக்குதுங்களே, ஒரு அஞ்சு வெச்சுக்கங்க" என்றார். ஜோசியர் முதலில் சிரித்தார். பிறகு கோபித்தார். வெயில் ஏறியதும் ஆறுக்கு ஒப்புக்கொண்டார். சனி பகவானுக்குத் தகவல் போனதா என்று தெரியவில்லை.

ஆன்லைனில் மிக்ஸி வாங்கியபோது கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, "கடைசி வெல என்ன கண்ணு?" என்று கேட்டார். அந்த வசதி எங்களிடம் இல்லை மேடம் என்றாள் போனை எடுத்த பெண். "அது கெடக்கட்டும். நீ சாப்ட்டயா?" என்று அக்கா ஆரம்பித்தார். பேச்சு முடிந்தபோது அந்தப் பெண்ணுக்கு வருகிற தையில் கல்யாணம் என்பதும், மிக்ஸியோடு ஒரு ஜாடி கூடுதலாக வரும் என்பதும் முடிவாகியிருந்தது. எந்த விதியின்படி என்று இருவருக்கும் தெரியாது. ஜாடி வந்தது.

இப்படிப்பட்டவரிடம் ஒருநாள் மாடு வந்து மாட்டியது.

என் அறைத்தோழி கவிதா லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு தொழுவம். வீட்டுச் செலவு ஓடியது தொழுவத்தால்தான். அந்த மனிதரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. யார் என்ன விலை சொன்னாலும் "செரிங்க" என்பார். முந்தின தடவை தனியாகச் சந்தைக்குப் போய், மடி நிறையப் பாலோடு நின்ற மாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ இரண்டு நாள் கறக்காமல் விட்டுச் சேர்த்த பால் அது. வீட்டுக்கு வந்ததும் வற்றிவிட்டது. இந்தத் தடவையும் ஏமாந்தால் தொழுவத்தைப் பூட்டிவிட்டு ஏதாவது மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லிக் கவிதா கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, பக்கெட்டோடு அந்த வழியே போன பேரம் அக்கா வாசலில் நின்றார்.

"மாடா?" என்றார்.

"ஆமாங்க்கா. ஈரோட்டு மாட்டுச் சந்தைல வாங்கோணும். வியாழக்கிழம."

அக்கா பக்கெட்டைக் கீழே வைத்தார். "மாடு இதுவரைக்கும் வாங்குனதில்ல கண்ணு" என்றார் மெதுவாக. இமயமலையைப் பற்றி மலையேறுகிறவர்கள் அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

அந்த வியாழக்கிழமை கவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. ஆகவே நான் துணைக்குப் போனேன். யாருக்குத் துணை என்று யாரும் சொல்லவில்லை.

அன்னூரிலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் போவதுதான் உலக வழக்கம். ஆனால் அக்காவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, ஏறினால் வாந்தி. எனவே கவிதாவின் அப்பா விடியற்காலையில் எழுந்து, ஈரோட்டுக்கு முதுகைக் காட்டிக் கோயமுத்தூருக்கு வந்து, ஜங்ஷனில் எங்களோடு ரயிலேறி, மறுபடி ஈரோட்டை நோக்கித் திரும்பினார். ஏன் இப்படி என்று அவர் கேட்கவில்லை. "ரயில்ல போலாமுங்களாண்ணா?" என்று போனில் கேட்டதற்கு "செரிங்க" என்றிருந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் கடை ஸ்டிக்கர் உரிக்காத புதுத்துண்டு. பணம் வேட்டிக்குள் போட்டிருந்த பட்டாப்பட்டி டவுசர் பாக்கெட்டில் இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, கைய எடுங்க. காசு இங்க இருக்குதுன்னு போர்டு வெச்சாப்பல இருக்குது" என்றார் அக்கா.

"செரிங்க அம்மணி."

பீளமேடு தாண்டியதும் அக்கா பாடத்தைத் தொடங்கினார். "இப்ப நான் மாடு விக்கறவ. நீங்க வாங்கறவரு. ரெண்டாம் ஈத்து, நல்ல கறவைங்க. ஒரே வெல, லட்ச ரூவா."

"செரிங்க" என்றார் கவிதாவின் அப்பா.

அக்கா கண்களை மூடித் திறந்தார். "லட்சங்கறது அநியாய வெலைங்கண்ணா. நீங்க 'அடேங்கப்பா'ன்னு சொல்லோணும். மூஞ்சியச் சுளிக்கோணும். வேண்டாம்னு திரும்பி நாலு எட்டு நடக்கோணும். அப்பத்தான் விக்கறவன் கூப்புடுவான்."

இரண்டாவது ஒத்திகை. அக்கா விலையைச் சொன்னார். கவிதாவின் அப்பா "அடேங்கப்பா" என்றார். குரலில் உண்மையான பாராட்டு இருந்தது. பிறகு எழுந்து நடந்தார். பெட்டியின் கோடிக்குப் போனார். அக்கா "இங்க வாங்க, கொறைச்சுத் தாரேன்" என்று கூப்பிட்டார். ஆள் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நடக்கத்தான் சொன்னாங்க கண்ணு. திரும்பி வாரதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியே" என்றார்.

மூன்றாவது ஒத்திகையில் எதிர் சீட்டுக்காரர் பொறுமை இழந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராம். "ஏனுங்க, அறுவதுக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "அறுவதா? மாட்டப் பாத்தீங்களா நீங்க?"

"பாத்தனுங்க. கொம்பு சின்னது."

"கொம்புலயா பால் கறக்கப் போறீங்க?"

அதன் பிறகு எங்களை யாரும் கவனிக்கவில்லை. சோமனூரில் பேரம் சூடு பிடித்தது. ஜன்னலோர ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வஞ்சிபாளையம் வருவதற்குள் இல்லாத மாடு எண்பத்து இரண்டாயிரத்துக்கு முடிந்தது. கட்டிங் மாஸ்டர் திருப்பூரில் இறங்கிப் போகும்போது அவர் முகத்தில் மாடு வாங்கிய களை இருந்தது.

"நல்ல வெலைக்குத்தான் முடிச்சிருக்கறாரு" என்றார் கவிதாவின் அப்பா, ஏக்கத்தோடு.

ஈரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கருங்கல்பாளையம் போய்ச் சேர்ந்தோம். சந்தை விடியலிலேயே தொடங்கிவிடுமாம். நாங்கள் போனபோது பாதி முடிந்திருந்தது. "கடைசி நேரந்தான் வெல எறங்கற நேரம்" என்று அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

அவ்வளவு மாடுகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கறுப்பு, வெள்ளை, செவலை, புள்ளி போட்டது. சாணி வாசனையும் வைக்கோல் தூசியும் சேர்ந்து அடித்தன. கயிறும் சாட்டையும் சலங்கையும் விற்கிற கடைகள் ஒரு வரிசை. பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் வண்டி வந்திருந்தது. மலையாளத்தில் ஒருவர் கேட்க, கன்னடத்தில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டியவரை பெண்கள் என்று பார்த்தால் டீக்கடை அம்மா, நாங்கள் இருவர், மற்றபடி மாடுகள்.

சந்தை என்றால் கூச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே மாடுகள்தான் கத்தின. மனிதர்கள் ஜோடி ஜோடியாக நின்று, கைகளை ஒரு துண்டுக்கு அடியில் கோத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ பிரார்த்தனை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அக்கா பச்சைத் துண்டு போட்ட ஒரு தரகரிடம் போனார். அவர் பக்கத்தில் ஒரு கறுப்பு மாடு நின்றது.

"ஏனுங்க, இது என்ன வெல?"

தரகர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். "அம்மணி, இங்க வாயில வெல பேசறதில்லீங்க. கைலதான். துண்டுக்கடியில வெரலப் புடிச்சுச் சொல்லுவோம். இந்த வெரலப் புடிச்சா இத்தன, அத மடக்குனா அத்தன. பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது."

"செரி. நீட்டுங்க கைய."

தரகர் இரண்டடி பின்னால் போனார். கறுப்பு மாடும் போயிற்று. "நல்லா சொன்னீங்க போங்க! பொம்பளைங்க கையப் புடிச்சேன்னு ஊட்டுக்குச் சேதி போச்சுன்னா அப்பறம் எனக்குச் சோறு யாரு போடறது?"

"அப்ப நான் எப்படிங்க பேரம் பேசறது?"

"உங்க ஆம்பளைய உடுங்க."

எங்கள் ஆம்பளை ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றார். பச்சைத் துண்டு இரண்டு கைகள் மேலும் விழுந்தது. அக்கா தவித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கண்ணெதிரே ஒரு பேரம் அவர் காதில் விழாமல் நடந்துகொண்டிருந்தது.

"என்னண்ணா சொல்றாரு?"

"சொல்லக்கூடாதுங்களாமா."

"எச்சா? கம்மியா?"

கவிதாவின் அப்பா யோசித்தார். அவர் தலை மெல்ல, எனக்கு நன்றாகத் தெரிந்த விதத்தில், மேலும் கீழும் அசையத் தொடங்கியது. வாய் "செ" என்று திறந்தது.

அக்கா பாய்ந்து துண்டை உருவிவிட்டார்.

சந்தை நின்றது. மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்தியது போல இருந்தது. பட்டப்பகலில், ஊர் நடுவில், பேரம் நடந்துகொண்டிருக்கும்போது துண்டை உருவுவது எத்தனை பெரிய காரியம் என்று எனக்கு அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. தரகருடைய மூன்று விரல்கள் இன்னும் கவிதாவின் அப்பாவுடைய கைக்குள் இருந்தன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, என்னங்க பழக்கம் இது? எத்தன வருசமா தரகு பாக்கறனுங்க! எந்துண்ட ஒருத்தரும் புடுங்குனதில்லீங்க! பொம்பளைங்களுக்கு இங்க என்னங்க சோலி? கெளம்புங்க மொதல்ல!"

நான் திருச்சிக்காரி. கொங்கு நாட்டில் கோபம் ஏற ஏற 'ங்க' கூடுமே தவிரக் குறையாது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அந்த மனிதர் உண்மையிலேயே கொதித்துப் போயிருந்தார்.

அக்கா உருவிய துண்டை அவர் கையில் கொடுத்தார். கயிற்றுக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "போலாங் கண்ணு" என்றார். "என்ர வாய் இங்க செல்லாது. கவிதாகிட்ட என்னன்னு சொல்றதுன்னுதான் வெசனமா இருக்குது."

பல் டாக்டரைத் தோற்கடித்தவர், டீக்கு எவ்வளவு கொடுத்தேன் என்றுகூடக் கேட்கவில்லை.

"இல்லீங்க" என்று ஒரு குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தால் கவிதாவின் அப்பா. அந்தச் சொல் அவருக்கே புதிதாக இருந்தது போல. "இல்லீங்க அம்மணி. சித்த இருங்க. அந்தச் செவலைய ஒருக்கா பாத்துப்போட்டு வாரேன்" என்று அந்தப்பக்கம் நடந்தார்.

கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் ஒரு செவலை மாடு கட்டியிருந்தது. அதன் மறைவில், அதுவரை எங்கள் கண்ணில் படாமல், சாக்கை மடித்துப்போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். கவிதாவின் அப்பா விலை கேட்கவில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தடியில் சொறிந்துகொடுத்தார். பிறகு காது மடலைத் திருப்பி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார். மாடு கழுத்தை நீட்டி அவர் தோளில் வைத்துக்கொண்டது. அந்த அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா பவானிப் பக்கமுங்க" என்றார் டம்ளரை வாங்க வந்த டீக்கடை அம்மா. "காலைல இருந்து அங்கியேதான் குக்கீட்டிருக்குது. தரகு வெக்கமாட்டேங்குது. எம்மாட்டு வெலய நானேதான் பேசுவேங்குது. இவங்க பொம்பள கையப் புடிக்கமாட்டேங்கறாங்க. கடைசில எவனாவது அடிமாட்டுக்குப் புடிச்சுட்டுப் போயிருவானோன்னு பயந்துட்டு, ஒரு வாய் டீகூடக் குடிக்கல."

பேரம் அக்கா டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

"ஏனுங்கம்மா, மாடு குடுக்கறதுங்களா?"

"குடுக்கத்தானுங்க வந்திருக்கறேன்."

"வெல?"

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். வேடிக்கை பார்க்க ஏற்கெனவே ஆள் சேர்ந்திருந்தது. பச்சைத் துண்டுத் தரகரும் அதில் இருந்தார். அந்த அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு, "கைல பேசலாமுங்க" என்றார்.

அக்கா கையைப் பின்னால் நீட்டினார். "அண்ணா, அந்தத் துண்டக் குடுங்க."

புதுத்துண்டு விரிந்து இரண்டு கைகள் மேலும் விழுந்தது. கூட்டம் நெருங்கி வந்தது. கருங்கல்பாளையம் அதற்குமுன் இப்படி ஒன்றைப் பார்த்திருக்காது என்று நினைக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அந்த அம்மா மாட்டைப் பார்த்தார். அக்கா வேப்பமரத்தைப் பார்த்தார். துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"அந்தம்மா நெம்ப அழுத்தமுங்க. எறங்கமாட்டேங்குது" என்றார் பச்சைத் துண்டு, தன்னையறியாமல்.

"இல்லீங்க, இந்தம்மா புடிய உடல. தோள்பட்டையப் பாருங்க" என்றார் இன்னொருவர்.

"மொத வெரல்லயே இத்தன நேரமா நிக்கறாங்களே!"

ஒருமுறை அந்த அம்மாவின் கண் கலங்கியது. ஒருமுறை அக்காவின் உதடு லேசாக அசைந்தது போல எனக்குத் தோன்றியது. ஜோடி ஜோடியாக நின்ற மற்றவர்கள் எல்லாம் தங்கள் பேரத்தை நிறுத்திவிட்டு இந்தப்பக்கம் வந்துவிட்டார்கள். கடைசியில் துண்டு விலகியது. அந்த அம்மா, "குடுத்தனுங்க" என்றார். கூட்டம் மூச்சை விட்டது.

அக்கா கவிதாவின் அப்பாவின் காதில் விலையைச் சொன்னார்.

"செரிங்க" என்றார் அவர். அந்தச் சொல்லைக் கேட்டு அக்கா முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த அம்மா பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கவிதாவின் அப்பா புதுக்கயிறு வாங்கிப் பூட்டினார். குட்டி யானை என்று சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று வந்தது. டிரைவர் வாடகை சொன்னார். அக்கா சரி என்று தலையாட்டினார். எனக்குப் பயமாகிவிட்டது, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை.

மாடு வண்டியில் ஏற மறுத்தது. நான்கு ஆட்கள் தள்ளினார்கள். பச்சைத் துண்டுக்காரரும் வந்து தோள் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "ரோஜா, ஏறு சாமி" என்றார். அது ஏறியது. ஏறியதும் அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கவிதாவின் அப்பா முன் சீட்டு வேண்டாம் என்று பின்னால் ஏறி, மாட்டோடு நின்றுகொண்டே அன்னூருக்குப் போனார்.

திரும்பும் ரயிலில் எங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊத்துக்குளி வரை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"அக்கா, அந்த விரல் கணக்கை எப்ப கத்துக்கிட்டீங்க?"

"எங்க கத்துக்கிட்டேன்?"

"பின்னே அவ்வளவு நேரம்?"

அக்கா பெட்டியில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "எனக்குத்தான் தெரியாது, அந்தம்மாவாவது வெரலப் புடிச்சு ஏதாச்சும் சொல்லும்னு இருந்தேன். அது நான் சொல்லுவேன்னு இருந்திருக்குது. ரெண்டு பேரும் சும்மா கையப் புடிச்சுட்டு நிக்கறோம். அப்பறம் வாயத் தொறக்காம மெதுவா, 'உங்களுக்குத் தெரியுங்களா?'ன்னேன். 'தெரியாதுங்களே, உங்களுக்கு?'ங்குது. 'உட்டுறாதீங்க, அல்லாரும் பாக்கறாங்க'ன்னேன்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"முட்டி தேஞ்சுபோச்சாமா கண்ணு. குனிஞ்சு பால் கறக்க முடியலயாமா. 'ஆருக்குங்க வாங்கறீங்க?'ன்னு கேட்டுது. 'அந்தா உண்ணி பொறுக்கறாரே, அவருக்கு'ன்னேன். ஒடனே ஒரு வெல சொல்லுச்சு பாரு, எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. அவ்வளவு கம்மி."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? அதுல நான் எதக் கொறைக்கறது? 'அம்மா, தப்பு பண்றீங்க. மொதல்ல ஏத்திச் சொல்லுங்க, அப்பறம் நான் கொறைக்கறேன்'னு சொன்னேன். அந்தம்மா வேண்டாங்குது. நான் உடல. ஏத்துங்க, இன்னுங் கொஞ்சம் ஏத்துங்கன்னு அதுக்குத்தான் அத்தன நேரம். அதுக்கப்பறம் கொறைச்சேன். நல்லாவே கொறைச்சேன்."

"அப்படின்னா கடைசியில எவ்வளவுக்கு முடிஞ்சது?"

"அந்தம்மா மொதல்ல சொன்னதுக்கு மேலதான்" என்றார் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "மாட்டோட தரத்துக்கு அது நாயமான வெல. ஹாஸ்டல்ல கேட்டா பாதி வெலைக்கு அடிச்சுட்டு வந்தம்னு சொல்லு."

சொன்னேன். இத்தனை நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையை எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். பாதகமில்லை. அக்கா வாரப் பத்திரிகை வாங்குவதில்லை. கடைக்காரர் அட்டையில் அச்சடித்த விலையிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறாராம்.

ரோஜா அன்னூரில் நன்றாகவே கறந்தது. தொழுவத்துக்குப் பூட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. சந்தையில் பணம் கைமாறும்போதே அக்கா அந்த அம்மாவின் போன் நம்பரை வாங்கிக் கவிதாவின் அப்பாவிடம் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொழுவத்தில் நின்று வீடியோ கால் போடுவார். அந்தப்பக்கம் பவானியிலிருந்து, "ரோஜா, சாமி, சாப்ட்டயா?" என்று குரல் வரும். மாடு போனை நக்கிவிடும். கவிதா இரண்டு முறை போன் மாற்றிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் ரோஜா கன்று போட்டது. கவிதாவின் அப்பா ஒரு தூக்குப்போசி நிறையச் சீம்பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி விடுதிக்கே வந்துவிட்டார். அக்கா வாசலில் நின்று தூக்குப்போசியைப் பார்த்தார். விலை இல்லாத ஒரு பொருளை யாரும் அவரிடம் நீட்டி நான் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பைத் திருகினார்.

"இத்தன எதுக்குங்கண்ணா? பாதி போதுமுங்க" என்றார் கடைசியில்.

"இல்லீங்க" என்றார் கவிதாவின் அப்பா. அதற்குள் அவருக்கு அது சரளமாகியிருந்தது.

எனக்குச் சென்னைக்கு மாற்றலாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அக்கா அதே விடுதியில், அதே அறையில் இருக்கிறார். இங்கே என் தெருமுனையில் காய்கறிக் கடை இருக்கிறது. கடைக்காரர் கத்தரிக்காய்க்கு ஒரு விலை சொல்வார். பர்ஸைத் திறப்பதற்கு முன், ஒரே ஒரு நொடி, என் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன்.